9 ஹிட் டைஸ் ஆந்தைக்கரடி: புத்தகக் கணக்கில் சிஆர் 6, எங்கள் மேசையில் இரண்டு சாவு

மேசைத்தலைவன் | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5, மேசையில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. 2003இல் வந்த பதிப்பு. நான் டிஎம், அதாவது கதையையும் ஜந்துகளையும் நடத்துபவன். ஆடுபவர்கள் நான்கு பேர்: ஃபைட்டர் (போர்வீரன்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (மறைந்து தாக்குபவன்). எல்லோரும் லெவல் 6.

போன வாரம் காட்டுக்குள் ஒரு பெரிய சண்டை வைக்க நினைத்தேன். ஜந்துகளின் புத்தகமான மான்ஸ்டர் மானுவலில் ஆந்தைக்கரடி சிஆர் 4. சிஆர் என்பது அந்த ஜந்து எந்த லெவல் குழுவுக்கு ஏற்றது என்று சொல்லும் எண். லெவல் 6 குழுவுக்கு அது போதாது. அதன் அட்வான்ஸ்மெண்ட் (வளர்ச்சி) வரியில் 6 முதல் 8 ஹிட் டைஸ் (ஜந்துவின் பலத்தை எண்ணும் பகடைகள்) வரை உருவம் லார்ஜ், 9 முதல் 15 வரை ஹியூஜ் என்று இருந்தது. சரி, 9க்கு ஏற்றினேன். மேஜிக்கல் பீஸ்ட் வகைக்கு 3 ஹிட் டைஸ் கூட்டினால் சிஆர் 1 கூடும். நான் கூட்டியது 4, அதனால் ஒன்று. உருவம் ஹியூஜ் ஆனதற்கு இன்னொன்று. மொத்தம் சிஆர் 6. குழுவின் லெவலுக்குச் சமம். அப்படிப்பட்ட சண்டை குழுவின் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்க வைக்கும் என்றுதான் புத்தகம் சொல்கிறது.

நடந்தது வேறு. முதல் ரவுண்டிலேயே ஃபைட்டரைப் பிடித்துக்கொண்டது. அவரால் விடுபடவே முடியவில்லை. பக்கவாட்டில் வந்து குத்தலாம் என்று ரோக் நெருங்கினார், வரும் வழியிலேயே ஓர் அடி வாங்கினார். மூன்றாவது ரவுண்டில் ஃபைட்டர் போய்விட்டார், நான்காவதில் ரோக். மற்ற இருவரும் ஓடிப் பிழைத்தார்கள்.

ஃபைட்டரை ஆடியவர் அந்தக் கதாபாத்திரத்தை ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்திருந்தவர். கோபப்படவில்லை. பெட்டியில் பகடைகளை அள்ளிப் போட்டுக்கொண்டே, "அண்ணா, இது எங்களுக்கு ஏத்த சண்டைதானா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கில் நான் எங்கே தவறினேன்?


எண்சுவடி | பதிவு 2

நீங்கள் கணக்கில் தவறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் சொன்னபடியே போட்டிருக்கிறீர்கள், 6தான் வரும்.

இப்போது அந்த விலங்கை முழுதாக எழுதிப் பார்ப்போம். லார்ஜிலிருந்து ஹியூஜ் போனால் ஸ்ட்ரெங்த் (வலிமை) 8 கூடும், கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 4 கூடும், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 2 குறையும், தோலின் காப்பு 3 கூடும். எட்டாவது ஹிட் டைஸில் ஒரு புள்ளி சேரும், அதை ஸ்ட்ரெங்த்தில் போட்டதாக வைத்துக்கொள்கிறேன். 21 ஆக இருந்த ஸ்ட்ரெங்த் இப்போது 30.

ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 52லிருந்து 112. நக அடி +9லிருந்து +17. சேதம் 1டி6+5லிருந்து (ஒரு 6 முகப் பகடையோடு 5) 1டி8+10. மூன்று அடியும் பட்டால் சராசரியாக 23 வந்த இடத்தில் 41. ஏசி (அதை அடிக்க எதிரி உருட்டி எட்ட வேண்டிய எண்) மட்டும் 15லிருந்து 16, அது பெரிதாக மாறவில்லை.

பக்கத்தில் சிஆர் 7 ஹில் ஜயண்டை வைத்துப் பாருங்கள். அதற்கு 102 ஹிட் பாயிண்ட், அடி +16. உங்கள் சிஆர் 6 ஆந்தைக்கரடி இரண்டிலும் அதைத் தாண்டிவிட்டது. ஜயண்டுக்கு ஏசி 20 என்பது உண்மை, அந்த வகையில் அது உங்கள் கரடியைவிடக் கெட்டி. ஆனால் ஜயண்ட் ஆளைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை.

கோளாறு அங்கேதான். கிராப்பிள், அதாவது பிடித்து மல்லுக்கட்டும் எண்ணைப் பாருங்கள். பழைய ஆந்தைக்கரடிக்கு +14. உங்களுடையதற்கு +27. அடிப்படைத் தாக்குதல் 9, ஸ்ட்ரெங்த்துக்கு 10, உருவத்துக்கு 8. உங்கள் ஃபைட்டருக்கு என்ன இருந்திருக்கும்?


மேசைத்தலைவன் | பதிவு 3

+10. ஸ்ட்ரெங்த் 18. ஏசி 21.


எண்சுவடி | பதிவு 4

அப்படியானால் பழைய ஆந்தைக்கரடி அவரைத் தொட 12 உருட்ட வேண்டும். உங்களுடையதற்கு 4 போதும்.

பிடியிலிருந்து விடுபட இருவரும் 20 முகப் பகடை உருட்டுகிறார்கள். +10க்கும் +27க்கும் இடையே 17 வித்தியாசம். சமமாக வந்தால் எண் பெரிதாக இருப்பவருக்கே வெற்றி. 400 சேர்க்கைகளில் ஃபைட்டருக்குச் சாதகமானவை 3 மட்டும். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இதையே லெவல் 4 ஃபைட்டர் ஒருவருக்கும் சாதாரண ஆந்தைக்கரடிக்கும் போட்டுப் பார்த்தேன். அவருக்கு +7 என்று வைத்துக்கொண்டால் 400இல் 78, அதாவது ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒரு தடவை. கஷ்டம்தான், ஆனால் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. உங்கள் மேசையில் அந்தக் கதவே இல்லை. சிஆர் 4க்கு 4, 6க்கு 6 என்று இரண்டும் தாளில் ஒரே மாதிரி தெரியும். உள்ளே நடப்பது வேறு.


நீலமை | பதிவு 5

நான் புதுசு, ஐந்தாம் பதிப்பில் ஆரம்பித்தவள். ஒரு சந்தேகம். மேஜிக்கல் பீஸ்டுக்கு 3 ஹிட் டைஸுக்கு ஒன்று என்கிறீர்கள். மற்றவற்றுக்கு வேறு கணக்கா? ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைக்கவில்லை?


இருபதுமுகம் | பதிவு 6

ஆமாம், வேறு வேறு. டிராகன், அவுட்சைடர் (வேற்றுலக ஜந்து) இரண்டுக்கும் 2 ஹிட் டைஸுக்கு ஒரு சிஆர். விலங்கு, மேஜிக்கல் பீஸ்ட், மான்ஸ்ட்ரஸ் ஹியூமனாய்ட் மூன்றுக்கும் 3க்கு ஒன்று. அன்டெட் (செத்தும் நடமாடுபவை), ஜயண்ட், கன்ஸ்ட்ரக்ட் (செய்யப்பட்ட உருவங்கள்), செடிவகை, பூச்சிவகை போன்ற மீதி எல்லாவற்றுக்கும் 4க்கு ஒன்று.

காரணம், எல்லா ஹிட் டைஸும் ஒரே எடை கிடையாது. டிராகனுக்கு 12 முகப் பகடை, தாக்குதல் ஒவ்வொரு ஹிட் டைஸுக்கும் ஒன்று ஏறும், மூன்று சேவும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) நல்ல சேவ். அன்டெட்டுக்கும் 12 முகப் பகடைதான், ஆனால் கான்ஸ்டிடியூஷன் கிடையாது, தாக்குதல் இரண்டு ஹிட் டைஸுக்கு ஒன்றுதான் ஏறும். அதனால் ஒரே உயரம் ஏற அன்டெட்டுக்கு அதிகப் படி வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அடிப்பது, அடி வாங்குவது என்று மட்டும் பார்த்தால் இது நியாயமான கணக்கு. என் மேசையில் ஜாம்பி, எலும்புக்கூடு எதையும் இப்படி ஏற்றி நான் மாட்டிக்கொண்டதில்லை.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கண்பார்வையாலோ தொடுதலாலோ கொல்கிற ஜந்துவின் டிசி, அதாவது தப்ப உருட்டி எட்ட வேண்டிய எண், எப்படி வரும்? 10, அதோடு ஹிட் டைஸில் பாதி, அதோடு அதற்குரிய பண்பின் கூட்டு. ஹிட் டைஸ் எந்த வகையாக இருந்தாலும் பாதி பாதிதான். அதாவது அன்டெட்டுக்கு ஒரு சிஆர் கூட்டும்போது அதன் டிசி 2 ஏறுகிறது. டிராகனுக்கு ஒரு சிஆர் கூட்டினால் 1தான் ஏறும். மலிவான ஹிட் டைஸ் என்று கொடுத்தார்கள், அது டிசியை இரட்டிப்பு வேகத்தில் தூக்குகிறது.

போடாக் இதற்கு நல்ல உதாரணம். சிஆர் 8, 9 ஹிட் டைஸ். அதன் கண்ணைப் பார்த்தவர் டிசி 15 ஃபார்டிட்யூட் (உடல் தாங்கும்) சேவில் தோற்றால் செத்துவிடுவார். அதை 17 ஹிட் டைஸுக்கு ஏற்றுங்கள். 8 கூட்டியதற்கு 2 சிஆர், லார்ஜ் ஆனதற்கு ஒன்று, ஆக 11. இடையில் கிடைக்கும் இரண்டு புள்ளியையும் கரிஸ்மாவில் போட்டால் டிசி 20. ஹிட் பாயிண்ட் 110 என்பதை யாரும் பயந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் லெவல் 11 விசார்டின் ஃபார்டிட்யூட் சேவை எடுத்துப் பாருங்கள், அவருடைய அடிப்படை +3தான்.


ஆறாவதுரவுண்ட் | பதிவு 7

டிசி விஷயம் சரி. ஆனால் என் அனுபவத்தில் இதைவிட மோசமான ஓட்டை ஜந்துவுக்குக் கிளாஸ் (ஃபைட்டர், கிளெரிக் போன்ற தொழில்) லெவல் சேர்ப்பதில்தான்.

ஜந்துவின் பலத்தோடு ஒத்துப்போகிற கிளாஸ் என்றால் ஒரு லெவலுக்கு ஒரு சிஆர். ஜயண்டுக்கு பார்பேரியன் மாதிரி. ஒத்துப்போகாத கிளாஸ் என்றால் இரண்டு லெவலுக்கு ஒன்று, அதுவும் ஜந்துவின் சொந்த ஹிட் டைஸ் எண்ணிக்கை வரைக்கும். யோசனை புரிகிறது. கதாயுதம் சுழற்றும் ஆஜானுபாகு ஒருவன் மந்திரம் கற்றால் அவனுடைய பழைய பலம் அதனால் பெருகாது, அதனால் பாதி விலை.

இப்போது ஃப்ராஸ்ட் ஜயண்டை எடுங்கள். சிஆர் 9, 14 ஹிட் டைஸ். அதற்கு 14 லெவல் கிளெரிக் சேர்த்தால் விலை 7 மட்டும். சிஆர் 16. கையில் ஏழாம் நிலை மந்திரம், மொத்தம் 28 ஹிட் டைஸ். கிளெரிக் மந்திரத்தில் பாதி தன்னையே பலப்படுத்திக்கொண்டு முன்னால் போய் அடிக்கத்தான். அது எப்படி ஒத்துப்போகாத கிளாஸ் ஆகும்? விசார்டுக்கு அந்தப் பாதி விலை பொருந்தலாம். கிளெரிக்குக்கு முழு விலை போட வேண்டும் என்பது என் முடிவு. என் மேசையில் அப்படித்தான் போடுகிறேன்.

ஆந்தைக்கரடிக்கு வருகிறேன். நீங்கள் ஹியூஜ் ஆக்காமல் 8இல் நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் அந்த ஒரே ஒரு ஹிட் டைஸ்தான் அந்த விலங்கை வேறு விலங்காக்கியது.


சதுரக்கட்டம் | பதிவு 8

அவர் சொன்ன உருவ மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லார்ஜ் அல்லது அதற்கு மேல் போனால் சிஆர் ஒன்று கூடும் என்பது விதி. மீடியமிலிருந்து லார்ஜ் போனாலும் அதே ஒன்று, சிஆர் 15 ஜந்து ஹியூஜிலிருந்து கார்கான்சுவன் (அடுத்த பெரிய உருவம்) போனாலும் அதே ஒன்று. கீழே இருக்கிற ஜந்துவுக்கு ஸ்ட்ரெங்த் 8 என்பது இடி. மேலே இருப்பதற்கு அது தூறல். இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் கீழேதான் அடி விழும்.

அப்புறம் ரோக் எப்படி அடி வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. ஆந்தைக்கரடி லார்ஜ் என்றாலும் அதன் கை எட்டுவது 5 அடிதான். ஹியூஜ் ஆனதும் 10 அடி. பக்கவாட்டில் நிற்கப் போகிற ரோக் இதுவரை தாண்ட வேண்டியிராத ஒரு கட்டத்தைத் தாண்டியாக வேண்டும். புரண்டு போகாமல் நடந்து போனால் கரடிக்கு இலவசமாக ஒரு தாக்குதல். சிஆர் எண்ணில் இதற்கு இடமே இல்லை.


காட்டுவழி | பதிவு 9

எல்லோரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தலைவர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குழு காட்டுக்குள் போகும்போது அந்த விலங்கு இருப்பதற்கான அடையாளம் எதையாவது பார்த்ததா? மரப்பட்டையில் பத்தடி உயரத்தில் நகக்கீறல்? பாதி தின்ற காட்டெருமை? சாதாரண ஆந்தைக்கரடியைவிட இரண்டு மடங்கு அகலமான காலடி? இதில் ஒன்றைக் காட்டியிருந்தால் அவர்கள் தயாராகப் போயிருப்பார்கள், அல்லது சுற்றிப் போயிருப்பார்கள். எண் 6 ஆக இருந்தாலும் 8 ஆக இருந்தாலும் அது டிஎம்மின் தாளில் இருப்பது. ஆடுபவர்களுக்குத் தெரிவது காடு மட்டும்தான்.


மேசைத்தலைவன் | பதிவு 10

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்டது சரி. நான் எதையும் காட்டவில்லை. ஒரு சரிவில் இறங்கினார்கள், அது புதரிலிருந்து வந்தது. சிஆர் 6தானே என்ற தைரியத்தில் முன்னறிவிப்பு தேவை என்றே எனக்குத் தோன்றவில்லை. எண்ணை நம்பியதால் வந்த பழக்கம் அது என்று இப்போது புரிகிறது.


எண்சுவடி | பதிவு 11

காட்டுவழி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அடையாளம் காட்டுவது எண்ணுக்கு மாற்று ஆகாது. நகக்கீறலைப் பார்த்த குழு என்ன முடிவெடுக்கும்? "பெரிய ஆந்தைக்கரடி, நாம் லெவல் 6, சமாளிக்கலாம்" என்றுதான். பிடித்தால் விடுபட முடியாது என்பது எந்த நகக்கீறலிலும் எழுதியிருக்காது.


பழையபகடை | பதிவு 12

நான் சிஆர் என்ற சொல்லே இல்லாத பதிப்புகளில் ஆட ஆரம்பித்தவன். 1974இல் முதல் பெட்டி வந்தபோதும் 1977இல் முதல் மான்ஸ்டர் மானுவல் வந்தபோதும் ஜந்துவுக்கு ஹிட் டைஸ் இருந்தது. இன்னின்ன லெவல் குழுவுக்கு ஏற்றது என்ற எண் இல்லை. பாதாளத்தின் எத்தனையாவது தளம் என்பதுதான் அளவுகோல். முதல் தளத்தில் சின்னது, கீழே போகப் போகப் பெரியது. எவ்வளவு கீழே போவது என்பதை ஆடுபவர்களே முடிவு செய்தார்கள். ஆபத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதால் செத்தாலும் உங்கள் தம்பி கேட்ட அந்தக் கேள்வி எழவில்லை.

2000இல் மூன்றாம் பதிப்பு சிஆரைக் கொண்டுவந்தது. அதோடு தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டிஎம் பக்கம் வந்துவிட்டது. எண் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, புது டிஎம்மின் பாரத்தைக் குறைக்கத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஓகர் ஒரே விலங்கு. மூன்றாம் பதிப்பில் சிஆர் 2 ஆக இருந்தது, 3.5இல் 3 ஆனது. அச்சில் ஏறிய ஜந்துவுக்கே இப்படித் திருத்தம் தேவைப்பட்டது என்றால், நாமே ஏற்றிய ஜந்துவுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

ஆந்தைக்கரடி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் மலிவாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்றைப் பார்த்துப் பிறந்த ஜந்து அது. ரஸ்ட் மான்ஸ்டரும் புலெட்டும்கூட அந்தப் பொம்மைகளிலிருந்து வந்தவைதான். 1975இலிருந்து மனிதர்களைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஜந்து.


நீலமை | பதிவு 13

பழையபகடை ஐயா, நன்றி. இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

ஐந்தாம் பதிப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். 2014 டிஎம் வழிகாட்டியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஜந்துவை முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் அதன் தாங்கும் திறனுக்கு ஒரு சிஆர், அடிக்கும் திறனுக்கு ஒரு சிஆர் என்று தனித்தனியாகப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ட்ரோலைப் போட்டுப் பார்த்தேன். 84 ஹிட் பாயிண்ட், ரவுண்டுக்கு 10 ஆறிக்கொள்கிறது, அதை மூன்று மடங்காக்கிச் சேர்த்தால் 114. அது சிஆர் 3 வரிசை. ஏசி அந்த வரிசையைவிட 2 அதிகம், அதனால் 4. அடிக்கும் பக்கம் ரவுண்டுக்கு 29, அது 4. தாக்குதல் எண்ணும் 2 அதிகம், அதனால் 5. நாலும் ஐந்தும் நாலரை, மேலே ஏற்றினால் 5. புத்தகத்திலும் ட்ரோல் சிஆர் 5தான். கணக்கு பொருந்தியபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

என்ன கூட்டினோம் என்பதற்கு விலை போடாமல், கூட்டி முடித்த ஜந்து எப்படி இருக்கிறது என்பதற்கு விலை போடுகிறது. அதனால் எனக்கு இது நேர்மையாகப் படுகிறது.


இருபதுமுகம் | பதிவு 14

அருமையாகச் சொன்னீர்கள். கடைசியில் இருப்பதற்குத்தான் விலை போட வேண்டும். ஆனால் அந்த அட்டவணையும் ஹிட் பாயிண்டையும் சேதத்தையும்தான் பார்க்கிறது. அதே 2014 மான்ஸ்டர் மானுவலில் இன்டெலக்ட் டெவவரரைப் பாருங்கள். சிஆர் 2. அதன் தாக்குதலுக்கு டிசி 12 இன்டெலிஜென்ஸ் சேவ். தோற்றால் மூன்று 6 முகப் பகடையை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை உங்கள் இன்டெலிஜென்ஸ் அளவுக்கோ அதற்கு மேலோ வந்தால் உங்கள் இன்டெலிஜென்ஸ் பூஜ்யம். இன்டெலிஜென்ஸ் 8 உள்ள பார்பேரியன் எத்தனை ஹிட் பாயிண்ட் வைத்திருந்தாலும் அங்கே உதவாது. ஆந்தைக்கரடியின் பிடியும் இதே குடும்பம். ஹிட் பாயிண்டைச் சுற்றிக்கொண்டு போய் ஆளை ஆட்டத்திலிருந்து எடுக்கும் எதையும் சிஆர் சரியாக எடை போட்டு நான் பார்த்ததில்லை.


சதுரக்கட்டம் | பதிவு 15

நான்காம் பதிப்பைப் பலர் திட்டுவார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் 2008இலேயே அது வேறு வழி பிடித்தது. ஜந்துவின் லெவலை ஒன்று ஏற்றினால் தாக்குதலும் தற்காப்பும் ஒன்று ஏறும், அதன் வேலையைப் பொறுத்து ஹிட் பாயிண்ட் 6, 8 அல்லது 10 ஏறும், சேதம் இரண்டு லெவலுக்கு ஒன்று ஏறும். அவ்வளவுதான். ஸ்ட்ரெங்த் 8 ஏறி அது ஐந்து இடத்தில் எதிரொலிக்கிற கதையே இல்லை. தனியாக ஒரு குழுவையே எதிர்க்க வேண்டிய ஜந்துவுக்கு சோலோ என்று தனி வகை. அதிலும் ஆரம்பத்தில் சேதம் குறைவு, சண்டை இழுத்துக்கொண்டே போகும். 2010இல் மூன்றாவது மான்ஸ்டர் மானுவலில்தான் அதைச் சரி செய்தார்கள்.

இதே குடும்பத்து இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பும் அதே பக்கம்தான் போனது. அங்கே எலைட் என்ற மாற்றத்தைப் போட்டால் லெவல் ஒன்று ஏறும். தாக்குதல், ஏசி, சேவ், டிசி எல்லாவற்றிலும் 2, சேதத்தில் 2, கொஞ்சம் ஹிட் பாயிண்ட். ஜந்து குழுவைவிட இரண்டு லெவல் ஏறினால் அதன் எடை இரட்டிப்பு என்பதுதான் மொத்தக் கணக்கும். என் மேசையில் அது கிட்டத்தட்ட எப்போதும் பொருந்துகிறது.


ஆறாவதுரவுண்ட் | பதிவு 16

பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் 3.5ஐ விட்டுப் போகாததற்கும் அதுதான் காரணம். அங்கே ஏற்றிய ஆந்தைக்கரடி எண் கூடிய ஆந்தைக்கரடி மட்டும்தான். இங்கே பெரிய ஆந்தைக்கரடி உண்மையிலேயே பெரியது. கை நீளும், பிடி இறுகும், எடை கூடும். அந்த ஐந்து இடத்து எதிரொலிதான் எனக்கு வேண்டும். அதற்கு விலையாக ஒவ்வொரு ஜந்துவையும் நானே உட்கார்ந்து எடை போட வேண்டியிருக்கிறது. எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.


மேசைத்தலைவன் | பதிவு 17

நானும் அந்தக் கட்சிதான், 3.5ஐ விடும் எண்ணமில்லை. அப்படியானால் எடை போடுவது எப்படி? நீங்கள் உட்கார்ந்து என்ன பார்ப்பீர்கள்?


ஆறாவதுரவுண்ட் | பதிவு 18

புத்தகத்துச் சிஆரைப் போட்டபின், அதே சிஆரும் அதற்கு மேல் ஒன்றும் உள்ள இரண்டு மூன்று ஜந்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எண்சுவடி ஹில் ஜயண்டை வைத்துப் பார்த்த மாதிரி. அப்புறம் என் குழுவின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவர் எத்தனை ரவுண்ட் தாங்குவார், ஜந்து எத்தனை ரவுண்ட் தாங்கும் என்று எண்ணுவேன். முன்னவர் இரண்டு ரவுண்டுக்குக் குறைவாகத் தாங்கினால் அந்தச் சண்டையை மாற்றிவிடுவேன். உங்கள் ஃபைட்டருக்கு 55 ஹிட் பாயிண்ட் என்று வையுங்கள், ரவுண்டுக்கு 41 வாங்கினால் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்: ஜந்து செய்யக்கூடியதில் மிக மோசமானது எது, அதற்கு இந்தக் குழுவிடம் இன்றைக்கு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பேன். பிடிக்கு மருந்து ஃப்ரீடம் ஆஃப் மூவ்மெண்ட். கிளெரிக்குக்கு அது நான்காம் நிலை மந்திரம், லெவல் 7இல்தான் கிடைக்கும். டைமென்ஷன் டோர், அதுவும் விசார்டுக்கு லெவல் 7இல்தான். உங்கள் குழு லெவல் 6. மருந்துக்கு ஒரே ஒரு லெவல் முன்னால் அந்த நோயை விட்டிருக்கிறீர்கள். லெவல் 7 குழுவுக்கு இதே ஜந்து நிஜமாகவே சமமான சண்டையாக இருக்கலாம்.


எண்சுவடி | பதிவு 19

அருமை. இதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

லெவல் 6இல் முழு மருந்து இல்லை, ஆனால் பாதி மருந்து இருந்தது. விசார்டின் முதல் நிலை மந்திரம் கிரீஸ். தரையில் கொட்டத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதை ஒருவரின் கவசத்தின் மேல் போட்டால் பிடியிலிருந்து விடுபட +10. உங்கள் ஃபைட்டர் +20 ஆகிவிடுவார். +27க்கு எதிராக வித்தியாசம் 7. 400இல் 78. நான் மேலே லெவல் 4 ஃபைட்டருக்குப் போட்ட அதே எண். மூடியிருந்த கதவை ஒரு முதல் நிலை மந்திரம் பழைய அளவுக்குத் திறந்துவிடுகிறது. அதோடு ஆளைப் பெரிதாக்கும் என்லார்ஜ் பர்சனும் போட்டால் உருவத்துக்கு 4, ஸ்ட்ரெங்த்துக்கு 1 சேர்ந்து +25. 400இல் 153, நூற்றுக்கு 38.

உங்கள் விசார்டுக்கு இது தெரிந்திருந்ததா?


மேசைத்தலைவன் | பதிவு 20

கிரீஸ் அன்று தயார் செய்து வைத்திருந்தார். கவசத்தில் போடலாம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். இப்போது படித்ததும் வயிற்றைப் பிசைகிறது.

புத்தகத்தை எடுத்து மறுபடி உட்கார்கிறேன். வரும் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் எழுதுகிறேன்.


மேசைத்தலைவன் | பதிவு 21

எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, இதோ.

இந்தத் தடவை 8 ஹிட் டைஸில் நிறுத்தினேன். லார்ஜாகவே இருக்கிறது. ஹிட் பாயிண்ட் 84, நக அடி +13, கிராப்பிள் +18, சிஆர் 5. கூடவே அதன் ஜோடியாகச் சாதாரண ஆந்தைக்கரடி ஒன்று. இரண்டும் சேர்ந்து 6க்கும் 7க்கும் நடுவில் ஒரு சண்டை. புத்தகக் கணக்கில் போன தடவையைவிடக் கொஞ்சம் கடினம், கவனியுங்கள்.

காட்டுவழி சொன்னபடி நகக்கீறல் வைத்தேன், இரண்டு உயரத்தில். அதைப் பார்த்ததும் ரோக் ஆடுபவர், புதுக் கதாபாத்திரம்தான், "ரெண்டு இருக்கு" என்றார். அங்கேயே நின்று பத்து நிமிடம் திட்டம் போட்டார்கள். ஃபைட்டர் முன்னால் நின்று வழியை மறிப்பது, கிளெரிக் பின்னால் நிற்பது என்று. ஆனால் பெரியது சுற்றி வந்து கிளெரிக்கைத்தான் பிடித்தது. அவருக்கு கிராப்பிள் +6. விசார்ட் யோசிக்கவே இல்லை, கிரீஸை அவர் கவசத்தில் போட்டார். முதல் முயற்சி தவறியது. இரண்டாவதில் 19 விழுந்து வழுக்கி வெளியே வந்தார். மேசையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சண்டை முடிந்தபோது கிளெரிக்குக்கு மீதி இருந்தது 3 ஹிட் பாயிண்ட். யாரும் சாகவில்லை.

கிரீஸைப் பற்றி ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். விதியை ஒளித்துவைத்து ஜெயிக்கும் எண்ணம் எனக்கில்லை.


காட்டுவழி | பதிவு 22

"ரெண்டு இருக்கு" என்ற அந்த வரிக்காகவே இந்த இழையைத் திரும்பப் படிப்பேன். நகக்கீறலைச் சும்மா விட்டுவிடாமல் அதை வைத்து எண்ணிக்கையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.


சரிவில்விழுந்தவன் | பதிவு 23

வணக்கம். அண்ணாதான் இந்த இழையின் சுட்டியை அனுப்பினார். செத்த ஃபைட்டர் என்னுடையது.

எல்லாவற்றையும் படித்தேன். 400இல் 3 என்பதைப் பார்த்தபின் மனசு கொஞ்சம் லேசானது. நான் அன்று தப்பாக ஆடிவிட்டேன் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஞாயிறு ஆட்டத்தோடு நாங்கள் எல்லோரும் லெவல் 7 ஆகிவிட்டோம். கிளெரிக் ஃப்ரீடம் ஆஃப் மூவ்மெண்ட் எடுத்துவிட்டார். அந்த 9 ஹிட் டைஸ் ஆந்தைக்கரடி இன்னும் அந்தச் சரிவில்தான் இருக்கிறதா?


மேசைத்தலைவன் | பதிவு 24

இருக்கிறது தம்பி. உங்கள் பழைய வாளும் அதன் குகையில்தான் கிடக்கிறது.